வெள்ளையாய் மூன்று மாலை, மூன்று விலை: முத்தில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: கும்பகோணத்து மருமகள்

வரும் தை மாதம் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். அன்று அத்தைக்கு ஒரு முத்துமாலை போடுவது என்று நானும் நாத்தனாரும் பேசி வைத்திருக்கிறோம். ஆளுக்கு 12,000 ரூபாய். அதற்கு மேல் போனால் எங்கள் இரண்டு வீட்டிலும் கேள்வி வரும்.

தங்கம் என்றால் எனக்குப் பயமில்லை. ஹால்மார்க் பார்ப்பேன், சேதாரத்தில் பேரம் பேசுவேன், கல் எடையைக் கழிக்கச் சொல்லிச் சண்டை போடுவேன். முத்துக் கடையில் நுழைந்ததும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் ஆகிவிட்டது. மூன்று கடை ஏறி இறங்கினேன்.

உள்ளூர்க் கடையில் காட்டியது ‘சவுத் சீ ஷெல் பேர்ல்’. ஒவ்வொன்றும் பெரிய சுண்டைக்காய் அளவு, 12 மில்லிமீட்டர். இளம் பொன்னிறம், ஒரு பொட்டு குறை கிடையாது. விலை 4,800. திருச்சியில் ஒருவர் ‘ஹைதராபாத் அசல் முத்து’ என்று 7 மில்லிமீட்டர் வெள்ளைச் சரத்தைத் தராசில் வைத்து நிறுத்து 6,500 என்றார். சென்னையில் நாத்தனார் பார்த்தது ‘அகோயா’. அதுவும் வெள்ளை, அதுவும் 7 மில்லிமீட்டர்தான். விலை 58,000. போட்டோவில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. கேட்டால் “அது ஜப்பான், இது சைனா” என்கிறார்கள். அதற்கு 50,000 ரூபாயா?

இன்னொரு விஷயமும் உண்டு. அத்தையிடம் ஒரு பழைய மாலை இருக்கிறது. அவருடைய பாட்டி கல்யாணத்துக்குப் போட்டது, 1936-37 வாக்கில் இருக்கலாம். நூல் இற்றுப்போய் அறுந்து, பல வருடமாக ஒரு பித்தளைச் சம்புடத்தில் கிடக்கிறது. நேற்று எண்ணினேன்: 141. பெரியது மிளகு அளவு, சிறியது கடுகைவிடச் சற்றுப் பெரிது. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. நிறம் நீர்மோர். “அசல் தூத்துக்குடி முத்து” என்பது குடும்பப் பேச்சு. உள்ளூர்க் கடையில் காட்டியதற்கு, பழைய முத்துக்கு மதிப்பில்லை, வேண்டுமானால் புது மாலை விலையில் 2,000 கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

எதை வாங்குவது? பழையதைக் கொடுத்துவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: மேலவீதி

இதில் என்ன குழப்பம்? ஒரு முத்தை வினிகரில் போடுங்கள். கரைந்தால் அசல். நெருப்பில் காட்டுங்கள், உருகினால் பிளாஸ்டிக். எங்கள் அப்பா அப்படித்தான் பார்ப்பார்.

பதில் 2: ஊசியும் நூலும்

மேலே தம்பி சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள் அம்மா. வினிகரில் அசல் முத்து கரையும்தான். கரைந்த பிறகு அது அசல் என்று தெரிந்து யாருக்கு லாபம்? நெருப்பு அதைவிட மோசம். அசல் முத்தும் சூட்டில் கருகி வெடிக்கும்.

நான் வியாபாரி இல்லை. விருதுநகரில் பிறந்து, வாழ்க்கைப்பட்டு செகந்திராபாத் வந்தவள். 26 வருடம் வீட்டில் உட்கார்ந்து கடைகளுக்கு முத்துக் கோத்துக் கொடுத்தேன். காலையில் சார்மினார்ப் பக்கத்துக் கடைகளிலிருந்து துணிப்பையில் எண்ணிக் கொடுப்பார்கள், சாயங்காலம் மாலையாக எண்ணி வாங்கிக்கொள்வார்கள். கண் மங்கியதால் இப்போது விட்டுவிட்டேன். முத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊசி துளைக்குள் போகும்போது தெரிந்துகொண்டது. ஆகவே துளையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் உள்ளூர் 4,800 ரூபாய் மாலையைக் கையில் வாங்கி, ஒரு முத்தைச் சற்று நகர்த்தி, துளையின் விளிம்பைப் பாருங்கள். நகைக்காரர் வைத்திருக்கும் உருப்பெருக்கியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தப்பில்லை. சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்தாற்போல் பூச்சு உதிர்ந்து, உள்ளே வேறு நிறம் தெரியும். ‘ஷெல் பேர்ல்’ என்பது முத்தே இல்லை. சிப்பி ஓட்டை உருட்டி, மேலே மினுக்குப் பூச்சு ஏற்றியது. அந்தப் பெயரில் உண்மை ‘ஷெல்’ என்ற ஒரு சொல்தான். ‘சவுத் சீ’ என்பது அதற்குத் தெளித்த அத்தர். உள்ளே ஓடு இருப்பதால் கனமாக இருக்கும், தொட்டால் குளிர்ச்சியாகவும் இருக்கும். அதனால் “கனம் பார், குளிர்ச்சி பார்” என்ற பழைய சோதனைகளை எல்லாம் அது ஜோராகத் தேறிவிடும். ஒரு பொட்டுக் குறை கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உயிருள்ள சிப்பிக்குள் விளைந்தவை அண்ணன் தம்பி போல இருக்கும், ஒரே அச்சில் வார்த்த மணி போல இருக்காது.

நிஜமான சவுத் சீ முத்து ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் விளைவது. தட்டு அகலத்துக்கு ஒரு பெரிய சிப்பி. அதில் ஒரு நேரத்தில் ஒரு முத்துதான் வளர்ப்பார்கள். வெள்ளி நிறம் ஒரு வகைச் சிப்பியில், பொன்னிறம் இன்னொரு வகையில். 12 மில்லிமீட்டரில் ஒரு முழு மாலை என்றால் லட்சங்களில் பேசுவார்கள். நான் அதைக் கோத்தது என் வாழ்நாளில் நான்கே முறை, அதுவும் கடை முதலாளி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க. தாஹிதிக் கருமுத்தும் இதே போல் விலை கூடியதுதான். பிரெஞ்சு பாலினேசியாவில் கருஉதட்டுச் சிப்பியில் வருவது, சாயம் ஏற்றாமலே கருப்பு, பச்சை, கத்திரிப்பூ நிறம். ஆயிரம் ரூபாய்க்குக் கருமுத்து மாலை என்று யாராவது காட்டினால் அது சாயம் போட்ட முத்து. துளையைச் சுற்றிச் சாயம் திரண்டு நிற்கும்.

இப்போது எங்கள் ஊர்ப் பெயரில் விற்கிறார்களே, அது. ஹைதராபாத்தில் கடல் கிடையாது. ஹுசைன் சாகர் ஏரியில் முத்து விளைவதும் கிடையாது. நிஜாம்கள் காலத்திலிருந்து முத்து இங்கே வந்து குவிந்தது. தரம் பிரிப்பது, துளை போடுவது, கோப்பது, விற்பது, இதுதான் ஊரின் தொழில். என் கைக்கு வந்ததில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்த நன்னீர் முத்து. அங்கே செஜியாங் மாகாணத்தில் ஜூஜி என்று ஒரு ஊர், அதுதான் அதற்குச் சந்தை. குளத்து மட்டியின் சதையில் கீறி, வேறொரு மட்டியின் சதைத் துணுக்கைச் செருகி, வருடக்கணக்கில் வளர்க்கிறார்கள். ஒரு மட்டியில் முப்பது, நாற்பது முத்து கிடைக்கும். விலை குறைவதற்கு அதுதான் காரணம். போலி என்பதால் இல்லை. உள்ளே உருண்டை எதுவும் வைப்பதில்லை என்பதால் ஏறக்குறைய உள்ளும் புறமும் முத்துப்படலமே, அதாவது மட்டி தானே பூசிய அடுக்கே. (உருண்டை வைத்து வளர்க்கும் பெரிய நன்னீர் முத்தும் இப்போது வருகிறது. அது வேறு கணக்கு.) ஆக, திருச்சிக்காரர் ‘அசல்’ என்றது பொய்யில்லை. ‘கடல் முத்து’ என்று சொல்லியிருந்தால் பொய்.

சென்னை அகோயா ஜப்பான் கடல் சிப்பியில் வருவது. மிகிமோட்டோ என்பவர் 1893-இல் முதல் அரைவட்ட வளர்ப்பு முத்தை எடுத்தது இந்தச் சிப்பியில்தான். சிப்பிக்குள் ஓர் உருண்டையை வைப்பார்கள், அதன்மேல் சிப்பி படலம் பூசும். அந்த உருண்டைக்கு வெகுகாலமாக அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று மட்டி ஓட்டைத்தான் இழைக்கிறார்கள். ஜப்பான் முத்து என்று கழுத்தில் போட்டுக்கொள்வதில் பாதிக்கு மேல் அமெரிக்க ஓடு என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் நல்ல அகோயாவின் நீரோட்டம், அதாவது பளபளப்பு இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. குளிர்காலத் தண்ணீரில் சிப்பி நிதானமாக, மெல்லிய அடுக்குகளாகப் பூசும். அந்தச் சமயம் பார்த்து எடுப்பார்கள். முகம் பார்க்கலாம், பாதரசம் போல உருளும்.

‘நல்ல’ அகோயா என்றேன், கவனியுங்கள். சீக்கிரமே எடுத்துவிட்ட அகோயாவில் படலம் வெங்காயச் சருகு போல இருக்கும். பத்து வருடம் வியர்வை பட்டால் உள்ளே இருக்கும் ஓடு எட்டிப் பார்க்கும். இருட்டாக ஓர் இடத்தில் செல்பேசி டார்ச்சின்மேல் முத்தை வைத்து மெதுவாக உருட்டுங்கள். கோடு கோடாக ஒரு பக்கம் பளிச், ஒரு பக்கம் இருட்டு என்று மினுங்கினால் உள்ளே இருக்கும் ஓட்டின் வரிகள் தெரிகின்றன, படலம் மெல்லியது. 58,000 கொடுப்பவர் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். மெல்லிய படலம் போட்ட அகோயாவைவிட, கெட்டியான நன்னீர் முத்து எனக்கு உசத்தி. வியாபாரிகள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

50,000 ரூபாய் வித்தியாசம் ஏன் என்று கேட்டீர்கள். போட்டோவில் ஒருநாளும் தெரியாது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியாது என்பதால் ஒரு வழி சொல்கிறேன். கடையின் மஞ்சள் விளக்குக்கு அடியில் பார்க்காதீர்கள், அங்கே பட்டாணிக்கடலை கூட மின்னும். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, வெள்ளைக் கைக்குட்டையில் வையுங்கள். முத்துக்குள் வாசற்படியின் விளிம்பு கூராகத் தெரிகிறதா, பால் கலங்கினாற்போல் மங்கித் தெரிகிறதா? கூராகத் தெரிந்தால் நீரோட்டம் நன்றாயிருக்கிறது. பிறகு சரத்தின் இரு முனைகளையும் பிடித்து மேஜைமேல் உருட்டுங்கள். உருண்டை முத்து வழுக்கிக்கொண்டு போகும், கோணல் இருந்தால் நொண்டும். அகோயா வழுக்கும். நன்னீர் முத்தில் பல நொண்டும். விலையின் பெரும் பங்கு இந்த இரண்டுக்கும்தான். அத்தை கழுத்தில் இருக்கும்போது யாரும் உருட்டிப் பார்க்கப் போவதில்லை என்பதையும் யோசியுங்கள்.

கடைசியாக, இரண்டு முத்தை மெதுவாக ஒன்றோடொன்று உரசிப் பாருங்கள். நறநறவென்று மிக நுண்ணிய மணல் போல் இருந்தால் முத்துப்படலம். கண்ணாடி போல் வழுக்கினால் பூச்சு. பல்லில் உரசுவதும் இதே சோதனைதான், ஆனால் நூறு பேர் பல்லில் உரசிய மாலையை நானும் கோத்திருக்கிறேன், உங்களுக்கு அது வேண்டாம். இந்தச் சோதனை முத்தா பூச்சா என்பதை மட்டும் சொல்லும். தானாக விளைந்ததா, வளர்த்ததா என்று சொல்லாது.

பழைய மாலைக்கு வருகிறேன். 2,000 ரூபாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். மதிப்பில்லாத பொருளுக்கு எந்தக் கடைக்காரர் 2,000 தருவார்? மிக மெல்லிய தையல் ஊசி ஒன்றை எடுத்து, அந்த 141-இல் நாலைந்தின் துளையில் விட்டுப் பாருங்கள். அழுத்த வேண்டாம். நுழைகிறதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

பதில் 3: கடற்கரைப் பேரன்

தூத்துக்குடிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். என் தாத்தா முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக் குளிப்பில், கயிறு பிடித்தவர். குளிப்பவர் கல்லில் கால் வைத்துக் கடலடிக்கு இறங்குவார், மேலே தோணியில் நிற்பவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி அவருடைய உயிரையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கயிறு அசைந்த கணம் இழுக்க வேண்டும். ஒரு நொடி பராக்குப் பார்த்தால் போயிற்று.

மன்னார் வளைகுடாவில் சிப்பி படிந்து கிடக்கும் கடலடித் திட்டுகளைப் ‘பார்’ என்போம். தொள்ளாயிரம் பார் அதில் பேர்பெற்றது. எதிர்க்கரையில், இலங்கை மன்னார்ப் பக்கம், அரிப்பிலும் மறிச்சுக்கட்டியிலும் இதே தொழில் நடந்தது. சிப்பி அரசாங்கத்துக்குச் சொந்தம், குளித்தவர்களுக்கு அதில் ஒரு பங்கு. கரையில் ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது எடுத்தவர் அதிர்ஷ்டம். திறந்து பார்த்து ஏலம் எடுக்க முடியாது. வாங்கிய சிப்பியை அழுகவிட்டு, சதை கரைந்த பிறகு கழுவி அரிப்பார்கள். அந்த நாற்றம் ஒரு மாதத்துக்குத் தலைமுடியில் இருக்கும் என்பார் தாத்தா. பெரும்பாலான சிப்பியில் ஒன்றும் இருக்காது. இருப்பதும் பெரும்பாலும் சிறு முத்துதான். ஆணிமுத்து என்று முதல் தரத்துக்குப் பெயர் வைத்து அதைத் தனியே பொத்திப் பொத்தி எடுத்ததற்குக் காரணமே, அது அவ்வளவு அபூர்வம் என்பதுதான்.

எங்கள் கரையில் கடைசிச் சலாபம் நடந்தது 1961-இல். அதன்பின் பாரில் சிப்பி தேறவில்லை. 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கேயே நம் சிப்பியில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். ஜப்பான் அகோயாவும் நம் சிப்பியும் நெருங்கிய உறவுதான். ஆனால் அது ஜப்பானில் போல் பெருந்தொழிலாக வளரவில்லை. ஆகவே இன்று யாராவது புது மாலையைக் காட்டி “தூத்துக்குடி முத்து” என்றால் நம்பாதீர்கள். எங்கள் ஊருக்குச் சுற்றுலா வருபவர்கள் வாங்கிப் போவதும், நான் பார்த்த வரை, வெளியூர் முத்துதான்.

உங்கள் 141 பற்றி: மிளகு, கடுகு அளவு, ஒன்றுபோல் ஒன்றில்லை, மோர் நிறம் என்றதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அளவு பொருந்துகிறது. உருண்டையாக, 10 மில்லிமீட்டரில், ஒரே அளவில் நூறு இருக்கிறது என்று எழுதியிருந்தால் தாத்தா சார்பில் நானே மறுத்திருப்பேன். ஆனாலும் எங்கள் கடல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பாரசீக வளைகுடா முத்தும் அந்தக் காலத்தில் பம்பாய் வழியாக இந்தியா முழுக்க வந்தது. ‘பஸ்ரா முத்து’ என்று இன்றும் சொல்கிறோமே, அது பஸ்ராவில் விளைந்ததில்லை. வளைகுடாவில் குளித்தது அந்தத் துறைமுகம் வழியாக வந்ததால் அந்தப் பெயர். அக்கா சொன்ன ஹைதராபாத் கதைதான். முத்துக்குச் சந்தையின் பெயர் ஒட்டிக்கொள்கிறது, கடலின் பெயர் போய்விடுகிறது.

பதில் 4: பரணி நட்சத்திரம்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ஜோசியர் எனக்கு வெள்ளியில் முத்து மோதிரம் போடச் சொல்லியிருக்கிறார், சந்திர தசைக்காக. கடையில் 1,100 ரூபாய்க்குப் ‘பஸ்ரா முத்து’ தருகிறார்கள். வாங்கலாமா?

பதில் 5: ஊசியும் நூலும்

தசைக்கு எது பலன் தரும் என்பது என் வேலை இல்லை தம்பி. 1,100 ரூபாய்க்குப் பஸ்ரா முத்து கிடையாது என்பது மட்டும் தெரியும். இயற்கை முத்து என்று எழுதிய ஆய்வகச் சான்று கேளுங்கள், கடைக்காரர் பேச்சை மாற்றுவார். நன்னீர் முத்து என்று தெரிந்தே வாங்கினால் அது நியாயமான விலைதான். இன்னொன்று, முத்து மிக மென்மையான பொருள், செம்பு நாணயம் பட்டால்கூடக் கீறலாம். மோதிரத்தில் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்தால், பைக் ஓட்டினால், ஒரே வருடத்தில் பட்டுப்போன கண் போல ஆகிவிடும். வேலை செய்யும்போது கழற்றி வையுங்கள்.

கும்பகோணத்து மருமகள்

அக்கா, பேரன் அண்ணா, இருவருக்கும் நன்றி. உங்கள் பதிலை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன்.

உள்ளூர்க் கடையில் உருப்பெருக்கி கேட்டதுமே முகம் மாறிவிட்டது. துளையோரம் நீங்கள் சொன்னபடியே பூச்சு உரிந்திருந்தது. “ஷெல் பேர்ல்தானே சொன்னோம், முத்து என்றா சொன்னோம்?” என்றார்கள். அதுவும் சரிதான், நான்தான் காதில் வாங்கவில்லை.

பழைய முத்து: என்னிடம் இருப்பதிலேயே மெல்லிய ஊசியை ஆறு முத்துகளில் முயன்றேன். ஒன்றில் கூட நுழையவில்லை. இரண்டில் துளை நடுவில் இல்லாமல் கோணலாகப் போகிறது. இதற்கு என்ன அர்த்தம்?

ஊசியும் நூலும்

நல்ல சகுனம். இயற்கை முத்தை எடை போட்டு விற்பார்கள், துளை பெரிதானால் எடை போய்விடும். அதனால் அந்தக் காலத்து ஆட்கள் வில் துறப்பணத்தால், கையால், எவ்வளவு சிறிதாக முடியுமோ அவ்வளவு சிறிதாகத் துளைப்பார்கள். இரு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பதில் சில கோணிப்போகும். இப்போதைய வளர்ப்பு முத்துத் துளையில் உங்கள் ஊசி தாராளமாகப் போகும்.

ஆனால் சகுனம் வேறு, சான்று வேறு. 1936-இல் ஜப்பான் வளர்ப்பு முத்தும் சந்தைக்கு வந்துவிட்டிருந்தது. உறுதியாகச் சொல்ல எக்ஸ்ரே ஒன்றுதான் வழி. உள்ளே உருண்டை இருக்கிறதா, வெங்காயம் போல் அடுக்கு மட்டும் இருக்கிறதா என்று அதில் தெரியும். மும்பை, ஜெய்ப்பூர் போன்ற ஊர்களில் இரத்தினப் பரிசோதனைக் கூடங்கள் உள்ளன. எல்லா 141-ஐயும் அனுப்ப வேண்டாம், முதலில் பெரியதாக ஐந்தைச் சோதித்தால் போதும். அனுப்புமுன் முத்துப் பரிசோதனை செய்கிறார்களா, என்ன கட்டணம் என்று போனில் கேளுங்கள்.

அதுவரை சம்புடத்திலேயே இருக்கட்டும், ஆனால் ஒரு மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி. தங்கத்துக்குச் செய்வது போல் புளி போட்டுக் கழுவிவிடாதீர்கள். புளியும் எலுமிச்சையும் முத்தை அரிக்கும். ஈரத்துணியால் துடைத்து ஆறவிட்டால் போதும். கொக்கி வைக்க ஆசாரியிடம் கொடுத்தால் முத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கொக்கியை மட்டும் கொடுங்கள். அவர்களுடைய தீயும் திராவகமும் இரண்டுமே முத்துக்கு எமன்.

புது மாலை வாங்கினால் நூலைப் பாருங்கள். இரண்டு முத்துக்கு இடையில் முடிச்சு இருக்க வேண்டும். முடிச்சில்லாமல் நைலானில் கோத்தால் முத்தோடு முத்து உரசும், அறுந்தால் கோயில் பிராகாரம் முழுக்கத் தேட வேண்டும். பட்டு நூலில் முடிச்சுப் போட்டுக் கோத்துத் தரச் சொல்லுங்கள், கூலி தனியாகக் கேட்டாலும் கொடுங்கள். (அந்தக் கூலி எனக்கு வரப்போவதில்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.) ரசீதில் ‘முத்துமாலை’ என்று மட்டும் எழுதினால் வாங்காதீர்கள். ‘வளர்ப்பு நன்னீர் முத்து’, அளவு, எடை, மூன்றும் இருக்கட்டும். சென்ட், பவுடர், தலைக்கு எண்ணெய் எல்லாம் ஆன பிறகு மாலை. வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுவதும் அதுதான்.

கும்பகோணத்து மருமகள்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

திருச்சி மாலையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அவர் முதலில் காட்டிய சரத்தில் வாசற்படி மங்கித்தான் தெரிந்தது. “இதைவிட நன்றாக ஒன்று காட்டுங்கள்” என்றதும் உள்ளிருந்து இன்னொன்று வந்தது. கொஞ்சம் நொண்டியது, ஆனால் நீரோட்டம் கண்ணைப் பறித்தது. 9,200. முடிச்சுப் போட்டுக் கோக்க 600. ரசீதில் நீங்கள் சொன்னபடி எழுதச் சொன்னேன். ‘நன்னீர்’ என்று எழுதத் தயங்கினார், பிறகு எழுதினார்.

மிச்சப் பணத்தில் பழைய முத்தில் ஐந்தைச் சோதனைக்கு அனுப்பலாம் என்று அத்தையிடம் விஷயத்தை உடைத்தேன். ஆச்சரியப்படுத்த நினைத்தது போயிற்று. அவர் புது மாலையை ஒருமுறை போட்டுப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றார். பிறகு சம்புடத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அசலோ வளர்ப்போ, முதலில் இதைக் கோத்துக் கொடு, மணவறையில் இதையும் போட்டுக்கொள்வேன், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் அனுப்பு என்றுவிட்டார்.

அக்கா, இவ்வளவு சிறிய துளையில் யார் கோப்பார்கள்? முடிச்சு போட முடியுமா?

ஊசியும் நூலும்

ஒவ்வொன்றுக்கும் முடிச்சு வேண்டாம், நூல் தாங்காது, துளையும் இடம் தராது. பத்து முத்துக்கு ஒன்று போதும். ஊசி நுழையாது என்பதால் பட்டு நூலின் நுனியைப் பசையில் தோய்த்து விறைக்கவைத்து, அதையே ஊசியாக விட வேண்டும். இதற்காகத் துளையைப் பெரிதாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் முத்தை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் பழைய பட்டுநூல் கட்டும் ஆட்கள் இருப்பார்கள், நகைக்கடையில் கேட்டால் கைகாட்டுவார்கள். கொடுக்கும்போது 141 என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கோத்து முடிக்கும் வரை கூடவே உட்காருங்கள். நான் கோத்தாலும் அப்படித்தான் உட்காரச் சொல்வேன்.

கும்பகோணத்து மருமகள்

142 அக்கா. அத்தையின் தையல் மெஷின் இழுப்பறையில், பட்டன்களோடு ஒன்று கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கோக்கப் போகிறோம்.